தொண்ணூற்றேழில் மேலே

கொடைக்கானல், காலை ஆறே முக்கால்.
என் பையில் பதினான்கு கிளப்.
எட்டைப் பவுல்துரை உருவியெடுத்து
ஷெட்டு பெஞ்சில் கிடத்திவிட்டார்.
"மிச்சத்த வெச்சு ஆடுங்க டாக்டர்,
எத எடுக்கறதுன்னு யோசிச்சே
பாதி உசுரு போகுது உங்களுக்கு."

என் ஹேண்டிகேப் இருபத்தெட்டு.
கேடிக்கு நான்கு.
உறுப்பினர் யாரும் வராத திங்கட்கிழமைகளில்
இரவல் பட்டரோடு ஆடிச் சேர்த்த நான்கு.

முதல் டீ.
விரல் நுனி வெளுக்கப் பிடித்திருந்தேன்.
"கழுத்த நெரிக்காதீங்க,
அது உங்கள ஒண்ணும் பண்ணல."

திண்டுக்கல்லில் வாரம் ஐந்து நாள்
உறங்குகிறவர் தொண்டைக்குள்
வளைந்த இரும்பொன்றை இறக்குகிறவள் நான்.
இடக்கை, மூன்று விரல்,
கூடுதலாய் அழுத்தினால் பல் உடையும்.
அந்தக் கையை
மலையடிவாரத்தில் எங்கே விட்டு வந்தேன்?

ஏழாயிரம் அடியில் காற்று மெலிசு,
நூற்று முப்பது கெஜத்துக்கு எட்டாம் எண் போதும்,
பனி இறங்கினால் ஏழு
என்று படித்ததை ஒப்பித்தேன்.
பவுல்துரை மூக்கை உயர்த்தி ஈரம் பார்த்தார்.
"ஆறு."

சமதரை என்பது இங்கே ஒரு வதந்தி.
பந்து பாதத்துக்கு மேலே கிடந்தால்
பிடியை இரண்டு விரற்கடை இறக்கு.
கொடிக்கு வலப்புறம் குறி வை,
சரிவே அதைத் திருப்பிக் கொண்டுவரும்.
கீழே கிடந்தால் முழங்காலை மடக்கு,
மடக்கியபடியே இரு.
எழுந்தாயோ, அடி பந்தின் மண்டையில்.

எழுந்தேன்.
வாட்டில் மரத்தடியில் 'ணக்'.

மணல்குழியில் பந்தை அடிக்காதே,
அதன் பின்னாலுள்ள மணலை அடி.
இது மட்டும் எனக்கு எளிதாக வந்தது,
பந்தை அடிக்காமலிருப்பதில்
எனக்கு அனுபவம் அதிகம்.

ஏழாம் குழி.
அன்றைக்கு நான் அடித்த ஒரே நல்ல அடி
ஒரு காட்டெருமையின்
முன்னங்கால்களுக்கு நடுவே போய் நின்றது.
காலர் இல்லாத சட்டைக்கு முகம் சுளிக்கும் கிளப்பில்
முழங்கால் வரை வெள்ளைக் காலுறையோடு
அது மேய்ந்துகொண்டிருந்தது.

பின்னால் வந்த ஜவுளிக்கடை செண்பகமூர்த்தி
கல்லொன்றைப் பொறுக்கினார்.
"எறிங்க சார்," என்றார் பவுல்துரை,
"அப்புறம் ஓடறதுக்கும் சொல்லித் தரேன்."
கல் மெதுவாகப் புல்லுக்குத் திரும்பியது.

நாற்பது நிமிடம்.
ஃபிளாஸ்க் காலி. கடலை மிட்டாய் காலி.

"டாக்டர், மயக்க ஊசி போடறப்ப
நூறுலேர்ந்து பின்னால எண்ணச் சொல்வாங்களே,
எதுவரைக்கும் வருவாங்க?"
"தொண்ணூற்று நாலு. கெட்டிக்காரர்னா தொண்ணூற்று மூணு."
"நீங்களும் எண்ணுங்க.
தொண்ணூத்தேழுல கிளப்பு மேல.
தொண்ணூத்தாறுல கீழ.
நடுவுல அவசரப்பட இடமே இல்ல பாருங்க."

அது போனபின்
குளம்புத் தடத்தில் பாதி புதைந்த பந்து.
அபராதம் இல்லை,
கிளப் அட்டையின் பின்புறம், பொடி எழுத்தில் இருக்கிறது.
துடைத்து, முழங்கால் உயரத்திலிருந்து நழுவவிட்டேன்.

நூறு.
தொண்ணூற்றொன்பது.
தொண்ணூற்றெட்டு.

பந்து பனிக்குள் போனது.
கொடியும் தெரியவில்லை, கிரீனும் தெரியவில்லை.
கொஞ்சம் கழித்து
ஈரப்புல்லில் 'தொப்'.
பவுல்துரை ஒன்றும் சொல்லாமல்
பட்டரை நீட்டினார்.

தூரத்திலிருந்து உருட்டும்போது
குழியை மற,
ஓர் அண்டா அகல வட்டத்தில் நிறுத்து.
மூன்றடிக்குள் வந்தபின் தலையைத் தூக்காதே,
விழுந்ததைக் காது சொல்லட்டும்.
தூக்கினேன்.
மூன்று பட். நனைந்த பென்சிலால்
அட்டையில் ஆறு என்று எழுதினேன்.

திங்கட்கிழமை, இரண்டாம் தியேட்டர், பித்தப்பைக் கல்.
மேசையில் படுத்திருந்தவர் எண்ணுகிறார்.
தொண்ணூற்றெட்டு.
மலையில் இந்நேரம்
இரவல் பட்டரோடு ஒருவர் நடந்துகொண்டிருப்பார்.
தொண்ணூற்றேழு.
பச்சை அங்கிக்குள் என் இடத்தோள்
கொஞ்சம் திரும்பியது.
சிஸ்டர் பெர்பெத்துவா நிமிர்ந்து பார்த்தாள்.